ஓரளவு என்றால் எவ்வளவு? இணையவழி வகுப்புக்கான மதிப்பீட்டு ரூப்ரிக் குறித்து ஓர் ஐயம்

வைகைக்கரை (மதுரை) கேட்டது:

ஆசிரியப் பெருமக்கள் அனைவருக்கும் வணக்கம். நான் கலை அறிவியல் கல்லூரி ஒன்றில் வரலாறு கற்பிக்கிறேன். வழக்கமான வகுப்புகளோடு, வட்டார வரலாறு பற்றிய சான்றிதழ்ப் படிப்பு ஒன்றையும் வார இறுதி நாட்களில் இணையவழியில் நடத்திவருகிறேன். மொத்தம் 62 மாணவர்கள். சிவகங்கை, இராமநாதபுரம், விருதுநகர் மாவட்டச் சிற்றூர்களிலிருந்து சேர்ந்தவர்களே மிகுதி. அவர்களில் பெரும்பாலோருக்குக் கைப்பேசிதான் வகுப்பறை, குறிப்பேடு, நூலகம் எல்லாம்.

முதல் ஒப்படைப்பாக, "உங்கள் ஊர்க் கண்மாயின் வரலாற்றை ஊர்ப் பெரியவர் ஒருவரையேனும் நேர்கண்டு 1,000 சொற்களுக்குள் எழுதுக" என்று கொடுத்திருந்தேன். மதிப்பெண் 25. எதை எதிர்பார்க்கிறேன் என்பது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும் என்ற எண்ணத்தில், கடைசி நாளுக்கு இரண்டு வாரம் முன்பே கூகுள் கிளாஸ்ரூமில் ரூப்ரிக் (எதை, எந்தெந்த நிலைகளில் மதிப்பிடுவோம் என்று காட்டும் அட்டவணை) ஒன்றையும் இணைத்திருந்தேன். உள்ளடக்கம், சான்றுகள், அமைப்பு, மொழிநடை என நான்கு வரிசைகள். ஒவ்வொன்றுக்கும் நான்கு நிலைகள். சான்றுகள் வரிசையில் எழுதியிருந்ததை அப்படியே தருகிறேன்: மிகச் சிறந்த சான்றுகளைத் தந்துள்ளார், நல்ல சான்றுகளைத் தந்துள்ளார், ஓரளவு சான்றுகளைத் தந்துள்ளார், போதிய சான்றுகள் இல்லை.

மதிப்பெண்களை வெளியிட்ட அன்று மாலை, 14 பெற்றிருந்த மாணவி ஒருவர் தனிச்செய்தியில் கேட்டார்: "அம்மா, ஓரளவு என்றால் எவ்வளவு? நான் மூன்று பேரிடம் பேசி எழுதியிருக்கிறேனே." என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. அவருடைய கட்டுரையை மீண்டும் எடுத்துப் படித்தேன். மூன்று பெரியவர்கள் சொன்னது உண்மையாகவே அதில் இருந்தது; ஆனால் சொன்னவர் யார், எந்தக் காலத்தைப் பற்றிச் சொன்னார் என்பது ஓரிடத்திலும் இல்லை. அது இருக்க வேண்டும் என்று நான் எங்கே சொன்னேன் என்று தேடியபோது, இரண்டாம் வார வகுப்புப் பதிவின் நாற்பதாம் நிமிடத்தில், வேறொன்றை விளக்கும்போது போகிற போக்கில் ஒரே வாக்கியமாகச் சொல்லியிருப்பது தெரிந்தது. அன்று அந்த மாணவியின் ஊரில் இணைய இணைப்பு இல்லை.

மனம் கேட்காமல், பத்துக் கட்டுரைகளை ஒரு வாரம் கழித்து, பழைய மதிப்பெண்ணைப் பார்க்காமல் மீண்டும் திருத்திப் பார்த்தேன். அவற்றில் நான்கு கட்டுரைகளின் மதிப்பெண் மூன்றோ அதற்கு மேலோ மாறியது. ரூப்ரிக் கையில் இருக்கும்போதே என் கணிப்பு இப்படி அலைந்தது என்றால், அந்த அட்டவணை என்ன வேலைதான் செய்தது?

இந்த நிலை விளக்கங்களை எப்படி எழுதினால் மாணவர்களுக்கு உண்மையாகவே வழிகாட்டும்? எழுதிக் கொடுத்தாலும் அதைப் படிக்க வைப்பது எப்படி? அனுபவம் உள்ளவர்கள் சொல்லித்தர வேண்டுகிறேன்.

நொய்யல் (கோயம்புத்தூர்) எழுதிய பதில்:

வணக்கம் அம்மா. நான் பொறியியல் கல்லூரியில் கட்டடவியல் கற்பிப்பவன். எங்கள் துறையில் ரூப்ரிக் என்ற சொல் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அது பெரும்பாலும், தொழில்நுட்பப் படிப்புகளுக்குத் தர அங்கீகாரம் வழங்கும் தேசிய அங்கீகார வாரியத்தின் ஆய்வுக் குழுவுக்காகக் கோப்பில் வைக்கும் தாளாகவே அறிமுகமானது. 2014-இல் இந்தியா, பொறியியல் படிப்புகளின் அங்கீகாரத்தை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்கும் வாஷிங்டன் உடன்படிக்கையின் நிரந்தர உறுப்பு நாடான பிறகு, ஒவ்வொரு பாடத்துக்கும் கற்றல் விளைவுகளையும் அவற்றை அளக்கும் முறையையும் ஆவணப்படுத்துவது கட்டாயத் தேவையாயிற்று. நாங்களும் ஆவணப்படுத்தினோம். பல ஆண்டுகள் நான் எழுதிய ரூப்ரிக்குகள் பீரோவிலிருந்த கோப்புகளை விட்டு வெளியே வரவில்லை. எந்த மாணவரும் அவற்றைப் பார்த்ததில்லை. நீங்கள் ஒப்படைப்போடு சேர்த்தே கொடுத்திருக்கிறீர்கள். அது பெரிய படி, அதை முதலில் சொல்லிவிட வேண்டும்.

உங்கள் மதிப்பெண் மாறியதை உங்கள் தனிப்பட்ட குறையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 1961-இல் அமெரிக்காவின் கல்வித் தேர்வுச் சேவை நிறுவனத்தில் டீடெரிக் என்பவரும் வேறு இருவரும் சேர்ந்து ஓர் ஆய்வு செய்தார்கள். கல்லூரி முதலாண்டு மாணவர்களின் 300 கட்டுரைகளை, ஆசிரியர், வழக்கறிஞர், எழுத்தாளர் எனப் பல துறைகளைச் சேர்ந்த 53 பேரிடம் கொடுத்து, அளவுகோல் எதையும் தராமல் ஒன்பது தரங்களாகப் பிரிக்கச் சொன்னார்கள். 101 கட்டுரைகள் ஒன்பது தரங்களையும் பெற்றன. ஐந்துக்கும் குறைவான வெவ்வேறு தரங்களைப் பெற்ற கட்டுரை ஒன்றுகூட இல்லை. அவர்கள் அத்தோடு நிற்காமல், மதிப்பிட்டவர்களின் குறிப்புகளை ஆராய்ந்தபோது, ஒருவர் கருத்தைப் பார்க்கிறார், ஒருவர் பிழையைப் பார்க்கிறார், ஒருவர் அமைப்பைப் பார்க்கிறார், ஒருவர் சொல்லாட்சியைப் பார்க்கிறார், ஒருவர் எழுதியவரின் தனித்தன்மையைப் பார்க்கிறார் என்பது புலப்பட்டது. அவர்கள் ஐம்பத்து மூன்று பேர். நாம் தனி ஒருவராக இருந்தாலும், திங்கள் காலையில் ஒன்றையும் வெள்ளி இரவில் வேறொன்றையும் பார்க்கிறோம்.

இனி உங்கள் அட்டவணைக்கு வருகிறேன். மிகச் சிறந்த, நல்ல, ஓரளவு, போதாத ஆகிய சொற்கள் ஆசிரியரின் முடிவைச் சொல்கின்றன. அந்த முடிவுக்குக் காரணமாகத் தாளில் என்ன இருந்தது என்பதைச் சொல்வதில்லை. மாணவர் கையில் இருப்பது தாள் மட்டுமே, உங்கள் முடிவு அல்ல. வகுப்பறையில் இந்த இடைவெளி வெளியே தெரியாமல் போய்விடுகிறது. கரும்பலகைக்கு முன் நின்று ஒரு முகக்குறிப்பால், வராந்தாவில் ஒரு கேள்விக்குப் பதிலால், பக்கத்து மாணவரின் தாளைக் காட்டி ஒரு சொல்லால் நாம் அதை நிரப்பிவிடுகிறோம். இணையவழியில் அந்த வாய்ப்புகள் எதுவும் இல்லாததால், நாம் நேரில் சொல்லியிருக்கக்கூடிய அத்தனையையும் அந்த நான்கு கட்டங்களில் எழுதிய சொற்களே சுமக்க வேண்டியிருக்கிறது.

எனக்குப் பயன்பட்ட வழி மிக எளியது. புதிதாக யோசித்து எழுதாதீர்கள். கையில் இருக்கும் 62 கட்டுரைகளை எடுத்து, சான்று என்ற ஒன்றை மட்டும் மனத்தில் வைத்து நான்கு அடுக்காகப் பிரியுங்கள். பிறகு ஒவ்வோர் அடுக்கையும் மேலோட்டமாகப் படித்து, இவையெல்லாவற்றிலும் பொதுவாக இருப்பது எது, இல்லாதது எது என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் குறிப்புகளே நிலை விளக்கம். உங்கள் ஒப்படைப்பை வைத்து முயன்று பார்த்தேன்:

நிலை 4: குறைந்தது இரண்டு வகைச் சான்றுகள் உள்ளன (நேர்காணல், ஆவணம், கல்வெட்டு, களத்தில் எடுத்த படம் போன்றவை). ஒவ்வொன்றும் யாரிடமிருந்து, எங்கே, எப்போதையது என்பது எழுதப்பட்டுள்ளது. சான்றுகள் ஒன்றோடொன்று ஒப்பிடப்பட்டு, முரண்படும் இடம் சுட்டப்பட்டுள்ளது.

நிலை 3: இரண்டு வகைச் சான்றுகள் உள்ளன, யார், எங்கே, எப்போது என்பதும் உள்ளது. ஆனால் அவை ஒப்பிடப்படவில்லை.

நிலை 2: நேர்காணல் உள்ளது. சொன்னவர் யார் என்பதோ, எந்தக் காலத்தைப் பற்றிச் சொல்கிறார் என்பதோ விடுபட்டுள்ளது.

நிலை 1: "ஊரில் சொல்வார்கள்", "அந்தக் காலத்தில்" போன்ற பொதுத் தொடர்கள் மட்டுமே உள்ளன.

இந்த அட்டவணை முன்பே இருந்திருந்தால் உங்கள் மாணவி இரண்டாம் நிலையில் நின்றிருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன். மூன்று பேரைத் தேடிச் சென்று பேசியவருக்கு, அவர்களின் வயதைக் கேட்டு எழுதுவது பெரிய வேலையாக இருந்திருக்காது.

இன்னொன்று. உள்ளடக்கம் என்று தனி வரிசை வைத்தால், அது மற்ற எல்லாவற்றையும் விழுங்கிவிடும். சான்று இல்லாத உள்ளடக்கத்தைக் குறைப்பீர்கள், சான்று வரிசையிலும் குறைப்பீர்கள். ஒரே குறைக்கு இரண்டு தண்டனை. கூகுள் கிளாஸ்ரூமில் ஒரு ரூப்ரிக்குக்கு 50 வரிசைகள்கூட வைக்க முடியும். ஆனால் கைப்பேசியில் படிக்கிற மாணவருக்கு நான்கே அதிகம்.

பண்ணைப்பாலம் (யாழ்ப்பாணம்) எழுதிய பதில்:

வணக்கம். நான் இங்கு புவியியல் விரிவுரையாளராக இருக்கிறேன். எங்களிடம் ரூப்ரிக் என்ற சொல் பரவுவதற்கு வெகு காலம் முன்னரே புள்ளித்திட்டம் (மதிப்பெண் வழங்கும் திட்டம்) என்ற ஒன்று இருந்தது. பரீட்சை விடைத்தாள் திருத்துபவர்களுக்காகத் தயாரிக்கப்படுவது அது. ஆகவே ரூப்ரிக் வந்தபோது, அதையும் திருத்துபவருக்குரிய தாளாகவே பலர் விளங்கிக்கொண்டார்கள். புள்ளித்திட்டம் விடை எழுதி முடிந்த பின்னர் திறக்கப்படுவது. ரூப்ரிக் எழுதத் தொடங்கும் முன்னரே மாணவரின் கையில் இருக்க வேண்டியது. இந்த வேறுபாடு எனக்கே 2022-இல்தான் உறைத்தது.

அவ்வாண்டு மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்தது. பின்னர் எரிபொருள் தட்டுப்பாட்டினால் விரிவுரைகள் மீண்டும் இணையவழிக்கு மாறின. சூமில் நான் பேசும் நேரத்தில் பாதிப் பேர் இருக்க மாட்டார்கள். மின்சாரம் வந்த பின்னர் ஒலிப்பதிவைக் கேட்பார்கள், அல்லது அதுவும் இயலாமல் எழுத்தில் இருப்பதை மட்டும் வாசிப்பார்கள். நான் வாயால் சொன்ன எதிர்பார்ப்பு எதுவும் சமமாகப் போய்ச் சேரவில்லை. மின்சாரம் இருந்த வீட்டுப் பிள்ளைக்கு ஒரு விளக்கம், இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு இன்னொரு விளக்கம் என்றாகிவிட்டது. அப்போதுதான் எதிர்பார்ப்பை எழுத்தில் வைப்பது நியாயம் சம்பந்தப்பட்ட விடயம் என்று உணர்ந்தேன்.

நொய்யல் ஐயா சொன்னபடி விளக்கங்களைத் திருத்துங்கள். ஆனால் திருத்திக் கொடுத்துவிட்டால் மட்டும் போதாது என்பதையும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஹைடி ஆண்ட்ரேட் என்ற ஆய்வாளர் 2001-இல் வெளியிட்ட ஆய்வில், எட்டாம் வகுப்பு மாணவர்களுக்கு ரூப்ரிக்கைக் கொடுத்து விளக்கி, மூன்று கட்டுரைகள் எழுதச் செய்தார். மூன்றில் ஒன்றில் மட்டுமே ரூப்ரிக் பெற்ற குழுவினர் தெளிவாக முன்னே நின்றார்கள். கொடுப்பது தொடக்கம், மாணவர் அதைக் கையில் எடுத்து வேறொரு தாளை அளந்து பார்க்கும்போதுதான் அது அவருடையதாகிறது. அவுஸ்திரேலியக் கல்வியாளர் ராய்ஸ் சாட்லர் 1989-இல் எழுதியதும் இதைத்தான்: தரம் என்னவென்று மாணவருக்குத் தெரிய வேண்டும், தன் வேலையை அந்தத் தரத்தோடு ஒப்பிட அவருக்கே இயல வேண்டும், இடைவெளியைக் குறைக்க ஏதேனும் செய்யவும் வேண்டும். ஆசிரியர் மட்டுமே ஒப்பிட்டுக்கொண்டிருந்தால், மாணவர் எப்போதும் தீர்ப்புக்காகக் காத்திருப்பவராகவே இருப்பார்.

நான் செய்வதைச் சொல்கிறேன். எங்கள் மாணவர்களுக்குரிய ஒப்படை, தங்கள் ஊர்க் கிணறுகளின் நீர்மட்டத்தைப் பற்றிய கள அறிக்கை. யாழ்ப்பாணத்தில் வற்றாத ஆறு இல்லை. சுண்ணாம்புக்கல்லில் தேங்கியிருக்கும் நிலத்தடி நீர்தான் எங்கள் வாழ்வு என்பதால், எல்லாருக்கும் சொல்ல ஏதோ இருக்கும். ஒப்படை தொடங்கும் முன்னரே இரண்டு மாதிரி அறிக்கைகளைக் கொடுப்பேன். அவற்றை நானே எழுதுவேன். சென்ற வருட மாணவர் ஒருவருடைய தாளைப் பலர் முன்னிலையில் வைப்பது அவரைப் புண்படுத்தும். முதலாவது அறிக்கை அழகான தமிழில் தங்குதடையின்றி ஓடும், ஆனால் அதில் அளவு ஒன்றும் இராது. இரண்டாவதில் வசனங்கள் இடறும், எழுத்துப் பிழை இருக்கும். ஆனால் ஆறு கிணறுகளின் ஆழம், அளந்த திகதி, மழைக்கு முன்னா பின்னா என்பதெல்லாம் இருக்கும். மாணவர்கள் ரூப்ரிக்கை வைத்து இரண்டுக்கும் புள்ளியிட்டு, பெயர் குறிப்பிடாத படிவத்தில் அனுப்ப வேண்டும். ஒவ்வொரு வருடமும் முதலாவது அறிக்கைக்கே கூடுதல் புள்ளி விழுகிறது. அதன் பின் வகுப்பில் வரிசை வரிசையாக, "இந்த நிலை என்று சொல்கிறீர்கள், அதற்கு ஆதாரமான வசனத்தை வாசித்துக் காட்டுங்கள்" என்று கேட்பேன். ஆதாரம் தேடும்போது அவர்களே தங்கள் புள்ளியை மாற்றிக்கொள்வார்கள். நாற்பது நிமிடத்துக்கு மேல் ஆகாது. ஆனால் ஒப்படை வந்து சேரும்போது அந்த நாற்பது நிமிடத்தின் பயன் ஒவ்வொரு தாளிலும் தெரியும்.

கடைசியாக, ஒப்படையோடு ஒரு பக்கம் சேர்த்து அனுப்பச் சொல்வேன். ஒவ்வொரு வரிசையிலும் தான் எந்த நிலையில் இருப்பதாக நினைக்கிறார் என்று குறித்து, அதை நிறுவும் ஒரு வசனத்தைத் தன் அறிக்கையிலிருந்தே பெயர்த்து எழுத வேண்டும். அப்படி ஒரு வசனம் கிடைக்காதபோது, அனுப்பும் முன்னரே தாளைத் திருத்திவிடுகிறார்கள். ரூப்ரிக்கைப் படிக்க வைப்பது எப்படி என்று கேட்டீர்கள் அல்லவா, எனக்குத் தெரிந்து இதைவிடச் சிறந்த வழி இல்லை.

குடமுருட்டி (தஞ்சாவூர்) எழுதிய பதில்:

இருவர் சொன்னதிலும் உண்மை இருக்கிறது. ஆயினும், தமிழிலக்கியம் கற்பிப்பவன் என்ற முறையில் மாற்றுக் கருத்து ஒன்றை வைக்காமல் போக மனம் ஒப்பவில்லை.

இரண்டாண்டுகளுக்கு முன் இணையவழி வகுப்பொன்றில், தங்கள் பகுதியின் நடவுப் பாடல்களைத் தொகுத்து ஆராயும் ஒப்படைப்பைக் கொடுத்தேன். முன்னுரை, தொகுப்பு, பகுப்பாய்வு, முடிவுரை எனக் கண்டிப்பான அமைப்பு வரிசை ஒன்று என் ரூப்ரிக்கில் இருந்தது. ஒரு மாணவர் தம் பாட்டிக்கு எழுதும் கடிதமாக முழுக் கட்டுரையையும் எழுதியிருந்தார். பாடல் எந்த இடத்தில் மூச்சுவிட நிற்கிறது, நாற்று முடியைப் பிரிக்கும் கை அசைவு அடியின் நீளத்தை எப்படித் தீர்மானிக்கிறது என்பதையெல்லாம், அந்த வயலில் நின்றவர் அன்றி யாரும் எழுதியிருக்க முடியாது. என் அட்டவணைப்படி அமைப்பில் கடைசி நிலை. பகுப்பாய்வு என்ற தலைப்பே இல்லாததால் அங்கும் குறைவு. 25-க்கு 15 போட்டேன். அந்த வகுப்பிலேயே சிறந்த எழுத்து அது என்று தெரிந்திருந்தும் போட்டேன். முன்கூட்டியே அறிவித்த அளவுகோலை ஒருவருக்காக மாற்றுவது மற்றவர்களுக்குச் செய்யும் அநீதி என்று அப்போது நினைத்தேன். அது இன்றும் என்னை உறுத்துகிறது.

பண்ணைப்பாலம் அவர்கள் மேற்கோள் காட்டிய அதே சாட்லர், 2009-இல் எழுதும்போது, முன்கூட்டியே வகுத்த கூறுகளைக் கூட்டி வரும் மொத்தம், அனுபவமுள்ள ஆசிரியர் முழு எழுத்தையும் படித்து அடையும் மதிப்பீட்டோடு பல நேரங்களில் பொருந்துவதில்லை என்று கேள்வி எழுப்பினார். நல்ல எழுத்தில் உள்ள எல்லாவற்றையும் எழுதுவதற்கு முன்பே பட்டியலிட்டுவிட முடியாது என்பதை நாமும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

அதற்காக ரூப்ரிக்கே வேண்டாம் என்று சொல்லவில்லை. இப்போது நான் ஒரே ஒரு நிலையை மட்டும் எழுதுகிறேன். நடுவில் எதிர்பார்ப்பு இருக்கும். இடப்பக்கம் "இன்னும் வேண்டியது", வலப்பக்கம் "எதிர்பார்த்ததைக் கடந்தது" என இரண்டு வெற்றுக் கட்டங்கள். திருத்தும்போது அந்த மாணவருக்கு உரியதை மட்டும் அங்கே எழுதுவேன். நான்கு நிலைகளை முழுமையாக எழுதினால், பலர் இரண்டாம் நிலையையும் மூன்றாம் நிலையையும் பார்த்து, எது போதும் என்று கணக்கிடத் தொடங்குகிறார்கள். ஒரே நிலை இருந்தால் பேச்சு அந்த எதிர்பார்ப்பைச் சுற்றியே நடக்கிறது. 62 பேருக்கு இப்படி எழுதுவது கடினம் என்பதையும் மறைக்கவில்லை. எனக்கு 28 பேர்தான்.

மொழிநடை வரிசை பற்றியும் ஒரு சொல். சாட்ஜிபிடி போன்ற கருவிகள் வந்த பிறகு, பிழையற்ற, வழுவழுப்பான நடைக்குத் தனி மதிப்பெண் வைப்பது, சொந்தமாக எழுதித் தடுமாறும் முதல் தலைமுறை மாணவரைப் பின்னுக்குத் தள்ளுகிறது. ஊர்க் கண்மாயின் மடைக்குப் பெயர் என்ன, கலுங்கு (மிகுநீர் வெளியேறும் அமைப்பு) எந்தப் பக்கம் இருக்கிறது, கடைசியாக எப்போது குடிமராமத்து (ஊரார் கூடிச் செய்யும் பராமரிப்பு) நடந்தது என்பதற்கு அந்தக் கருவிகளிடம் விடை இருக்காது. எடையை அங்கே வையுங்கள்.

அடையாறு (சென்னை) எழுதிய பதில்:

ஒரு தொழில்நுட்பக் குறிப்பு மட்டும். கல்லூரி பின்னாளில் மூடுல் (Moodle) என்ற இணையவழிக் கற்றல் தளத்துக்கு மாறினால் இதைக் கவனியுங்கள், ஏனெனில் இதனால் ஏற்பட்ட குழப்பத்தை நானே தீர்த்து வைத்திருக்கிறேன். கூகுள் கிளாஸ்ரூம் புள்ளிகளை அப்படியே கூட்டுகிறது. மூடுலில், வரிசையின் மிகக் குறைந்த நிலைக்கு 0 தராமல் 1 தந்திருந்தால், அந்தக் குறைந்தபட்ச மொத்தத்தைச் சுழியமாகக் கொண்டு கணக்கிடும் அமைப்பு ஒன்று இருக்கிறது. நான்கு வரிசை, ஒவ்வொன்றிலும் 1 முதல் 4 வரை என்று வைத்துக்கொள்வோம். எல்லாவற்றிலும் 2 பெற்ற மாணவருக்கு 16-க்கு 8, அதாவது 25-க்கு 12.5 என்றுதான் நாம் நினைப்போம். ஆனால் அந்த அமைப்பின்படி 8-இலிருந்து 4-ஐயும், 16-இலிருந்து 4-ஐயும் கழித்து, 12-க்கு 4 என்று கணக்கிட்டு 8.33 என்று காட்டும். ரூப்ரிக்கைத் தயாரிக்கும் பக்கத்தின் கீழ்ப்பகுதியில் இதற்கான தேர்வுப் பெட்டி இருக்கிறது. அதில் குறியிட்டால் நாம் நினைத்தபடி கணக்கிடும். அல்லது கடைசி நிலைக்கு 0 என்றே வைத்துவிட்டால் இந்தச் சிக்கலே எழாது. வெளியிடுவதற்கு முன் ஒரு சோதனை மாணவர் கணக்கில் மதிப்பிட்டுப் பார்ப்பது நல்லது.

வைகைக்கரை (மதுரை) மீண்டும் எழுதியது:

மூன்று வாரங்கள் கழித்து எழுதுகிறேன். தாமதத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

உள்ளடக்கம் வரிசையை நீக்கிவிட்டேன். கட்டுரைகளை அடுக்கடுக்காகப் பிரித்துப் பார்த்தபோது, நான் மதித்தது சான்று, கண்மாயின் இயக்கத்தைப் புரிந்துகொண்ட விதம், சொல்லும் வரிசை ஆகிய மூன்றைத்தான் என்று தெரிந்தது. மொழிநடைக்குத் தனி மதிப்பெண் இல்லை. "படிப்பவருக்குப் பொருள் விளங்குகிறது" என்ற வரியாக, 'சொல்லும் வரிசை' என்ற கூறோடு அதைச் சேர்த்துவிட்டேன். முழு அட்டவணையைப் படமாக அனுப்பினால் கைப்பேசியில் எழுத்து பொடியாகிவிடுகிறது என்பதால், ஒவ்வொரு வரிசையையும் தனித்தனிக் குறுஞ்செய்தியாக வகுப்பின் வாட்சாப் குழுவில் இட்டேன். அதையே என் குரலில் படித்தும் அனுப்பினேன்.

மாதிரிக் கட்டுரைகளை மதிப்பிடும் பயிற்சிக்கு 47 பேர் நேரலையில் வந்தார்கள். மற்றவர்கள் படிவத்தை மட்டும் நிரப்பினார்கள். யாழ்ப்பாணத்தில் நடப்பதுதான் இங்கும் நடந்தது: பெரும்பாலோர் அழகாக எழுதிய வெற்றுக் கட்டுரைக்கே அதிகம் போட்டார்கள். ஆதார வாக்கியத்தைக் காட்டச் சொன்னதும் வகுப்பு அமைதியாகிவிட்டது. "இதில் காட்டுவதற்கு வாக்கியமே இல்லை அம்மா" என்று ஒருவர் சொன்ன பிறகு நான் பேச வேண்டிய தேவையே இல்லாமல் போயிற்று. குடமுருட்டி ஐயா சொன்ன "எதிர்பார்த்ததைக் கடந்தது" என்ற வெற்றுக் கட்டத்தையும் சேர்த்து, அதற்கு 25-இல் 3 மதிப்பெண் ஒதுக்கியிருக்கிறேன். அது சரியான அளவா என்பதில் எனக்கு இன்னும் முடிவு வரவில்லை.

முன்பு 14 பெற்ற மாணவிக்கும், விரும்பிய வேறு சிலருக்கும் மறுபடி எழுத வாய்ப்புக் கொடுத்தேன். அவர் மீண்டும் ஊருக்குள் நடந்து, பெரியவர்களின் வயதையும் அவர்கள் வீடு எந்த மடைப் பாசனத்தில் இருக்கிறது என்பதையும் கேட்டு எழுதியிருக்கிறார். அந்தக் கட்டுரையில் ஒரு வாக்கியம் என்னை நிறுத்திவிட்டது. அவரிடம் அனுமதி பெற்று இங்கே தருகிறேன்: "மேற்குக் கலுங்கைத் தன் கல்யாணத்துக்கு அடுத்த வருடம் இடித்துக் கட்டினார்கள் என்று பக்கத்து வீட்டு அப்பத்தா (வயது 78) சொன்னார்." கட்டுரையில் இரண்டாவது சான்றாகக் கலுங்கின் படமும் இருக்கிறது, ஒப்பீடு இல்லை. புதிய அட்டவணைப்படி இதற்கு எந்த நிலை தருவீர்கள்?

நொய்யல் (கோயம்புத்தூர்):

நிலை 2. எப்போது என்ற கேள்விக்கு ஆண்டு இல்லை. நான் எழுதிய விளக்கத்தின்படி வேறு முடிவுக்கு வர இயலவில்லை.

குடமுருட்டி (தஞ்சாவூர்):

நிலை 3. அந்த அம்மையாரிடம் நாட்காட்டி இல்லாமல் இருக்கலாம், காலம் இருக்கிறது. வயது 78 என்று மாணவி எழுதியிருக்கிறார். திருமணம் எந்த வயதில் நடந்தது என்று கேட்டால் ஆண்டு கிடைத்துவிடும். நம் மக்கள் காலத்தைச் சொல்லும் முறையே இதுதான் என்னும்போது, அதைக் குறையாகக் கொள்வது வரலாற்று மாணவிக்குத் தவறான பாடமாகும்.

பண்ணைப்பாலம் (யாழ்ப்பாணம்):

இருவரும் ஒரே வசனத்தை வாசித்து ஒரு நிலை வேறுபடுகிறீர்கள் என்றால், "எப்போது" என்ற சொல் போதிய தெளிவோடு எழுதப்படவில்லை. மாணவிக்குப் புள்ளி இடுவதற்கு முன் அந்த வரியைத் திருத்துவதே முறை.

வைகைக்கரை (மதுரை):

அப்படியே செய்தேன். இராமநாதபுரம் பக்கத்துப் பெரியவர்கள் "புயலடிச்ச வருசம்" என்று சொன்னால் அது 1964 என்று எனக்குத் தெரியும். தனுஷ்கோடியை அழித்த புயல் அது. அதை ஆண்டாக ஏற்கும் நான், கல்யாண வருடத்தை ஏற்காமல் இருப்பது பொருந்தாது. நிலை 3-இன் இரண்டாம் பகுதி இப்போது இப்படி இருக்கிறது: "ஒவ்வொரு சான்றும் யாரிடமிருந்து, எங்கே கிடைத்தது என்பதும், அது பேசும் ஆண்டு அல்லது அந்த ஆண்டைக் கண்டறிய உதவும் நிகழ்ச்சி (திருமணம், புயல், வறட்சி, தேர்தல், குழந்தை பிறந்தது போன்றவை) எது என்பதும் எழுதப்பட்டுள்ளது." நிலை 4-இல், "அந்த நிகழ்ச்சியைக் கொண்டு மாணவர் ஆண்டைக் கணக்கிட்டுக் காட்டியுள்ளார்" என்று சேர்த்திருக்கிறேன்.

மாற்றத்தையும் அதற்கான காரணத்தையும் நேற்று இரவு குழுவில் எல்லோருக்கும் அனுப்பி, கடைசி நாளை ஒரு வாரம் தள்ளி வைத்தேன். இன்று காலை அந்த மாணவியிடமிருந்து செய்தி வந்திருந்தது: அப்பத்தாவின் கல்யாணப் பத்திரிகை தகரப் பெட்டியில் இருக்கிறதாம்; சாயங்காலம் எடுத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறாராம்.